காப்புக் கையில் ஏறிய வாட்ச்

எனக்கு நீச்சல் தெரியாது. கிணற்றை எட்டிப் பார்த்தாலே உள்ளங்கால் கூசும். அப்படிப்பட்ட நான், கடலுக்குள் முந்நூறு மீட்டர் முங்கினாலும் தண்ணீர் புகாது என்று சொல்லி விற்கிற ஒரு வாட்சைக் கையில் மாட்டிக்கொண்டு, திருப்பதியில் ஒரு ஏ.சி. கடைக்குள் பயந்துபோய் நின்றேன். வாட்சைப் பார்த்து மட்டும் வந்த பயம் இல்லை அது. முழுதாகச் சொல்ல வேண்டுமானால் காலையிலிருந்து தொடங்க வேண்டும்.

அன்று என் மனைவிக்கு ஸ்கேன். ஏழாம் மாதம். விஜயபுரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து பஸ் மாறித் திருப்பதி வந்து சேர்ந்தோம். நஞ்சுக்கொடி கீழே இறங்கிப் பிள்ளை வரும் வழியை மறைத்துக்கொண்டிருக்கிறது என்று போன மாதமே டாக்டரம்மா சொல்லியிருந்தார். வயிறு வளர வளர அது தானாக மேலே ஏறிவிடுவதும் உண்டாம். ஏறாவிட்டால் பிரசவத்தில் ரத்தம் நிறையப் போகுமாம். இன்றைய ஸ்கேனில் தெரிந்துவிடும். ஸ்கேன் எடுத்த பெண்ணின் முகத்தையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. டாக்டரம்மா சாயங்காலம் வந்து பார்த்துச் சொல்வார் என்று எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

ரத்தம் என்று யாராவது சொன்னாலே எனக்குப் போன தடவைதான் ஞாபகம் வரும். முந்தைய பிள்ளை ஆறாம் மாதத்தில் கலைந்தபோது ஆம்புலன்ஸில் அவள் தலை என் மடியில் இருந்தது. நகரியைத் தாண்டும்போது அவள் உதடு வெளுத்துவிட்டது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்தாள், ஆனால் நான் யார் என்று தெரியாத மாதிரி பார்த்தாள். அப்புறம் பிழைத்துக்கொண்டாள். பிள்ளை போய்விட்டது என்று தெரிந்ததும் ஓவென்று அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அழுகிற அளவுக்கு இவள் உயிரோடு இருக்கிறாளே என்று அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அதனால்தான் இந்த வருஷம் திரௌபதியம்மன் கோயில் தீமிதிக்குக் காப்புக் கட்டிக்கொண்டேன். பெண்டாட்டி வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு மிதிக்கலாமா என்று ஊரில் இரண்டு விதமாகப் பேசினார்கள். மிதிக்கலாம் என்று பூசாரி சொல்லிவிட்டார். பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்றுதான் வேண்டுதல் என்று ஊர் நினைத்தது. அவளும் அப்படித்தான் நினைத்தாள், நானே அவளிடம் அப்படித்தான் சொல்லியிருந்தேன். ஆனால் மஞ்சள் நூலை மணிக்கட்டில் கட்டும்போது நான் மனசுக்குள் கேட்டது வேறு. இவள் இருந்தால் போதும் தாயே, பிள்ளை உன் இஷ்டம். இதுதான் கேட்டேன்.

இரண்டையும் கேட்டிருக்கலாமே என்று தோன்றும். கேட்க எனக்குப் பயம். பிறர் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பம் எங்களுடையது. கூலியோடு ஒரு படி வேர்க்கடலையும் சேர்த்துக் கேட்டால் கூலிக்கே மோசம் வந்துவிடும் என்று நடுங்கி வளர்ந்தவர்கள் நாங்கள். இன்று சொந்தமாகக் கொஞ்சம் கழனி இருக்கிறது, நான் சத்தியவேடு பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறேன். ஆனாலும் அந்த நடுக்கம் போகவில்லை. ஒன்றைக் கேட்டால் கிடைக்கும், இரண்டைக் கேட்டால் இரண்டும் போகும்.

காப்புக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. செருப்புப் போடக் கூடாது. மீன், கறி என்று எந்தக் கவிச்சியும் ஆகாது. வெளியூர் போனால் ராத்திரி தங்காமல் திரும்பிவிட வேண்டும். என்ன வேண்டிக்கொண்டோம் என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, நெருப்பில் இறங்கி ஏறும் வரை அந்த நூல் கையை விட்டுப் போகக் கூடாது. அறுந்தால் கேட்டதும் அறுந்தது என்பார்கள்.

சாயங்காலம் வரை எங்கே போவது? வெயில் மண்டையைப் பிளந்தது. தார் ரோட்டில் வெறுங்காலோடு நான் குதித்துக் குதித்து நடப்பதைப் பார்த்து அவள் சிரித்தாள். "தீமிதிய இங்கயே முட்ச்சிடுவ போலக் கீதே" என்றாள். அப்போதுதான் அந்தக் கடையைப் பார்த்தோம். வெளிநாட்டுக் கம்பெனிகளின் பழைய மாடல்களைத் தள்ளுபடியில் விற்கும் கடை. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே சோபா தெரிந்தது. "உள்ள போய் உக்காந்துக்கினு இருக்கலாம்யா. ஏசி ஓட்து" என்றாள்.

நான் தயங்கினேன். மஞ்சள் வேட்டி, வெறுங்கால், தோளில் ஒரு துண்டு. வேறு எந்த ஊராக இருந்தாலும் வாட்ச்மேன் எங்களை வாசலிலேயே நிறுத்தியிருப்பான். ஆனால் திருப்பதி வேறு மாதிரி ஊர். இங்கே மொட்டைத் தலையும் வெறுங்காலுமாக வருகிறவன் கோடீஸ்வரனாகவும் இருப்பான். ஆளைப் பார்த்து எடைபோட முடியாது என்று கடைக்காரர்களுக்குத் தெரியும். வாட்ச்மேன் சல்யூட் அடித்துக் கதவைத் திறந்துவிட்டான். அந்தச் சல்யூட்டுக்கே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

அவள் போய்ச் சோபாவில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள். நான் சும்மா நிற்க முடியாமல் கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்தபடி நகர்ந்தேன். எனக்கு வாட்ச் என்றால் ஆசை. வாங்கும் ஆசை இல்லை. கம்பெனி பஸ்ஸில் போகும்போது போனில் வாட்ச் வீடியோ பார்ப்பேன், அவ்வளவுதான். கடலில் முங்குகிறவர்கள் கட்டும் தடியான வாட்சுகள் என்றால் இரண்டு தடவை பார்ப்பேன். போனில் பார்த்த அதே கறுப்பு முகம், அதே பச்சை முள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தது. சாயங்காலத்தை நினைக்காமல் இருக்க எதையாவது பார்க்க வேண்டும் போலிருந்தது.

"ட்ரை சேயண்டி சார்", போட்டுப் பாருங்கள் என்று விற்கிற பெண் அதை வெளியே எடுத்தே விட்டாள். விலையை நான் கேட்கவில்லை. சீட்டில் தானாகவே தெரிந்தது. தள்ளுபடி போன பிறகும் அந்த விலைக்கு ஒரு டிராக்டர் வாங்கலாம். வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அவள் பாட்டுக்குத் தெலுங்கில் விளக்கிக்கொண்டே போனாள். முகத்தைச் சுற்றியிருக்கும் வளையம் ஒரே பக்கம்தான் திரும்புமாம். முங்குகிறவன் எத்தனை நேரத்துக்குக் காற்று மிச்சம் என்று அதில்தான் குறித்து வைப்பானாம். பாறையில் இடித்து வளையம் நகர்ந்தாலும் மிச்ச நேரத்தைக் குறைத்துத்தான் காட்டும், ஒருநாளும் கூட்டிக் காட்டாதாம். இதைச் செய்தவன் என்னைப் போலப் பயந்தாங்கொள்ளியாகத்தான் இருப்பான் என்று நினைத்தேன். அந்த வாட்ச் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

பிடித்துப்போன மயக்கத்தில்தான் அந்தத் தப்பைச் செய்தேன். நான் நொட்டாங்கைக்காரன். எழுதுவது, ஸ்பேனர் பிடிப்பது எல்லாம் இடது கையில், அதனால் வாட்ச் எப்போதும் வலது கையில். காப்பும் வலது கையில்தான் கட்டுவார்கள் என்பதால், கட்டிய அன்றே என் பழைய வாட்சைக் கழற்றி வைத்துவிட்டேன். ஆனால் பழக்கம் எங்கே போகும்? அந்தப் பெண் வாட்சை நீட்டியதும் வலது கையை நீட்டிவிட்டேன். அவள் மாட்டி, ஸ்டீல் பட்டையை மடக்கி அமுக்கினாள். டக்கென்று சத்தம் கேட்டது.

"ஒரு முற கெணத்துல முங்கிக் காட்டு, வாங்கித் தரேன்" என்று சோபாவிலிருந்து என் மனைவி கிண்டல் பண்ணினாள். நான் சிரித்தேன். கையைத் திருப்பிப் பார்த்தேன். காப்பைக் காணோம். ஸ்டீலின் இடுக்கிலிருந்து ஒரு துளி மஞ்சள் மட்டும் எட்டிப் பார்த்தது.

இந்த வகை வாட்சுக்குப் பட்டைப் பூட்டு ஒற்றை மடிப்பு இல்லை. நீச்சல் உடுப்புக்கு மேலே கட்டுவதற்காக உள்ளே இன்னொரு மடிப்பு இருக்கிறது. நூல் அந்த இரண்டு மடிப்புக்கும் நடுவே போய்ச் சிக்கிவிட்டது. பெண் பட்டனை அழுத்தினாள். திறக்கவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தாள். நூல் என் சதையில் இறங்கியது.

"இழுக்காதம்மா!" என்று கத்திவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. வாட்ச்மேன் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு அதன் குறுக்கே நின்றான். அவன் வேலையைத்தான் அவன் பார்த்தான்.

மானேஜர் வந்தார். நெற்றியில் குங்குமம், கழுத்தில் டை. குனிந்து பார்த்தார். பட்டையைக் கழற்றிப் போடத் தெரிந்த சர்வீஸ் ஆள் சென்னைக்குப் போயிருக்கிறார், நாளைக்குத்தான் வருவார் என்றார். அப்புறம் சிரித்தபடி, "சின்ன நூல்தானே சார். கட் சேசேத்தாம்", வெட்டிவிடலாம் என்றார். பெண் அதற்குள் கத்தரிக்கோலோடு வந்து நின்றாள்.

"வேண்டாம்" என்றேன்.

கோயில் வாசலில் இதே மாதிரி நூல் விற்கிறது, நானே வாங்கித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். முடிச்சையாவது அவிழ்க்கலாமே என்றார். முடிச்சு பட்டைக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது, வெளியே தெரிந்திருந்தாலும் அவிழ்க்க விட்டிருக்கமாட்டேன். வேண்டாம் வேண்டாம் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பேச்சில் சார் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் சார் இல்லாமலே கேட்டார். நூலையும் வெட்ட விடாமல், வாட்சையும் கழற்ற விடாமல், வாட்சோடு வீட்டுக்குப் போவதாக எண்ணமா?

என் கண் சோபாப் பக்கம் போனது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்து வயிற்றில் கை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆம்புலன்ஸில் வெளுத்த அந்த உதடுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. கத்தரி அந்த நூலில் பட்டால் சாயங்காலம் டாக்டரம்மா என்ன சொல்வார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்த மாதிரி இருந்தது. கம்பெனியில் மெஷின் பாகத்தை மைக்ரோமீட்டர் வைத்து அளக்கிறவன் நான். அந்த நேரத்தில் அதெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

நான் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். கணக்கும் சண்டையும் எனக்குத் தெலுங்கில்தான் வரும். அன்று அழுகையும் தெலுங்கில்தான் வந்தது. "நா பெள்ளாம் பதகாலி சார்! பிட்ட லேகபோயினா பரவாலேது!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். என் பெண்டாட்டி பிழைக்க வேண்டும், பிள்ளை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இதற்குத்தான் இந்த நூல், இதை வெட்டச் சொல்லாதீர்கள் என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. சொல்லவே கூடாததை, யார் காதில் விழவே கூடாதோ அவள் காதில் விழும்படி சொல்லியிருக்கிறேன். நகரியில் பிறந்து வளர்ந்தவள், அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெலுங்கு தெரியும்.

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மெதுவாக வந்தாள். பெண்ணின் கையிலிருந்த கத்தரிக்கோலை வாங்கிக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தாள். "கையக் காட்டு" என்றாள். குரலில் கோபமா என்ன என்று தெரியவில்லை. எனக்கு மானேஜரைவிட அவளைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

தாலிச் சரட்டில் எல்லாப் பெண்களையும் போல அவளும் இரண்டு மூன்று ஊக்குகளைக் கோத்து வைத்திருப்பாள். அதில் சின்னதாக ஒன்றைக் கழற்றி நிமிர்த்தினாள். கீறல் விழுந்தால் என் தலைமேல் வரும் அம்மா என்று மானேஜர் பதறினார். கைக்குட்டை கொடுங்கள் என்று அவரிடம் தெலுங்கில் கேட்டு வாங்கி ஸ்டீலுக்கு மேலே சுற்றிக்கொண்டாள். ஊக்கின் முனையை இடுக்கில் விட்டு நூலை இழை இழையாக வெளியே தள்ளத் தொடங்கினாள்.

"கொழந்தைக்குன்னு தானே சொன்னே?" என்றாள் தலையை நிமிர்த்தாமல். இப்போது தமிழில், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"ஊருக்கு அப்டி சொன்னேன்."

"எனக்கும் அப்டிதான் சொன்னே."

"நீ இல்லன்னா கொழந்தைய வெச்சிக்கினு நான் இன்னாமே பண்ணுவேன்?"

ஊக்கு வழுக்கி என் தோலில் குத்தியது. குத்தட்டும் என்று இருந்தேன். அடுத்த இழையைத் தள்ளிக்கொண்டே அவள் சொன்னாள். "நானும் ஒண்ணு கேட்டுக்கினு கீறேன். அதே கோயில்ல."

"இன்னா கேட்ட?"

"உன்னுதுக்கு நேர் எதிரு. இந்த வாட்டி கொழந்தய வுட்டுடு, வேணும்னா என்ன எட்த்துக்கோன்னு."

வாட்ச் மறந்துபோனது. விலை, வாட்ச்மேன், மூடிய கதவு எல்லாம் மறந்துபோனது. ஒரே வீட்டிலிருந்து ஒரே அம்மனிடம் இரண்டு பேர் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் போய், இதை எடுத்துக்கொள் அதை விடு, அதை எடுத்துக்கொள் இதை விடு என்று கேட்டு வைத்திருக்கிறோம். அம்மன் யார் பேச்சைக் கேட்பாள்? காலையிலிருந்து இருந்த பயமெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. அப்போது வந்ததுதான் பயம்.

"ஆடாத. கைய ஆட்டாத" என்று அதட்டினாள். அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு ஸ்டீல்மேல் விழுந்தது. மானேஜர் அதைத் துடைக்கக் கை நீட்டிவிட்டுப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

டக்.

பட்டை விரிந்தது. மானேஜர் இரண்டு கையாலும் வாட்சை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் என் கையைப் பார்த்தேன். மூன்று புரி நூலில் ஒரு புரி அறுந்திருந்தது. இரண்டு இருந்தன. அவள் அறுந்த புரியின் இரண்டு முனையையும் விரலால் தேடிப் பிடித்து, அதே கையில், அதே இடத்தில் முடிச்சுப் போட்டாள். கடைப் பெண் தண்ணீர் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தாள். மானேஜர் எதுவும் பேசாமல் வாட்ச்மேனுக்குத் தலையாட்ட, கதவு திறந்தது. போகும்போது பழையபடி, "ஜாக்ரத்த சார்" என்றார். சார் திரும்ப வந்துவிட்டது.

வெளியே ஒரு ஜூஸ் கடை நிழலில் நின்றோம்.

"வாய வுட்டு சொல்லிட்டல்ல? உன் வேண்டுதல் போச்சு" என்றாள்.

தலை குனிந்தேன்.

"என்னுதயும் நான் சொல்லிட்டேன். அதுவும் போச்சு. ரெண்டும் தள்ளுபடி." மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "நூல் கையிலதான் கீது. புச்சா கேளு. ரெண்டு பேரயும் கேளு."

"ரெண்டுமா? அவ்ளோ கேட்டா..."

"டிராக்டர் வெலைக்கு கீற வாட்ச்ச கூச்சம் இல்லாம கையில மாட்டிக்கினியே. இத கேக்க மட்டும் வாய் வராதா?"

சாயங்காலம் டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் மேலே ஏறியிருக்கிறது, இன்னும் ஏற வேண்டும், இப்போதே ஒன்றும் சொல்ல முடியாது என்றார். நல்ல சேதியா கெட்ட சேதியா என்று எங்களுக்குப் புரியவில்லை. கடைசி பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸைப் பிடித்து ஊர் வந்து சேர்ந்தோம். வழி முழுக்க அவள் என் தோளில் தூங்கினாள். நான் அவள் மூச்சு வருகிறதா என்று கவனித்துக்கொண்டே வந்தேன்.

தீமிதி அன்று சாயங்காலம் என் முறை வந்தபோது குழியின் விளிம்பில் நின்றேன். அனல் முகத்தில் அடித்தது. கோவிந்தா கோவிந்தா என்று கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. கேட்க வேண்டியதை மனசில் எடுத்தேன். இவள் இருந்தால்... என்று பழைய பாட்டே வந்தது. அதற்கு மேல் வாய் வரவில்லை. பின்னால் நின்றவர், "எறங்கு பா, எறங்கு" என்று முதுகில் கை வைத்தார். நெருப்புக்குப் பயந்து நிற்கிறேன் என்று நினைத்திருப்பார்.

எதிர்ப் பக்கம், நெருப்பிலிருந்து ஏறுகிறவர்கள் கால் நனைக்கும் பால் குழியைத் தாண்டி, அனல் படாத தூரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்கார வைத்திருந்தார்கள். நான் நிற்பதைப் பார்த்துவிட்டாள். கையை உயரத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினாள். ஹோட்டலில் ரெண்டு பிளேட் இட்லி சொல்கிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாக.

"ரெண்டு பேரும்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டு இறங்கினேன்.

ஆடியில் பெண் பிறந்தாள். ரத்தம் போனது, ஏற்றினார்கள், அந்த ஒரு ராத்திரியைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. இரண்டு பேரும் இருக்கிறார்கள். இப்போது பக்கத்து அறையில் ஒருத்தி இன்னொருத்தியை அதட்டிச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்கிறது. இரண்டு பேரும் இருக்கிறார்கள் என்று இப்படி எழுதி வைக்கக்கூட எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.